அக்காவுக்காக எடுத்துவைத்த நான்கு டயர்கள்

எங்கள் காருக்கு டயர் கேட்டு எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் முதலில் காரைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார். ஐம்பதை நெருங்கும் பெண், காட்டன் புடவை, தோளில் திருத்த வேண்டிய பரீட்சைத்தாள் பை. பக்கத்தில் நிற்பதோ இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, என் இடுப்பு உயரத்தைத் தாண்டாத ஒரு சிவப்புக் கார். "உங்க பையன் வண்டியா டீச்சர்?" என்பார்கள். எனக்குப் பையன் கிடையாது, கல்யாணமே ஆகவில்லை, வண்டி எனக்கும் என் அக்காவுக்கும் சொந்தம் என்று கடை கடையாகச் சொல்லி அலுத்துப்போய்விட்டது. கடைசியில் நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் இருக்கும் டயர் கடைக்கு மட்டுமே போவதென்று வைத்துக்கொண்டேன். அந்தக் கடைக்காரர் தேவையில்லாத கேள்வி கேட்பதில்லை.

கார் முன்பு ஊரில் ஒரு டாக்டரிடம் இருந்தது. ஃபைபர் உடம்பு, சின்ன எஞ்சின், பதிமூன்று அங்குலச் சக்கரம். சாதாரணக் குடும்பக் காரின் எடையில் முக்கால் பங்குகூட இருக்காது. நாலு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம். ஒருமுறை சர்ச் வாசலில் அப்படித் தூக்கி நகர்த்தித்தான் வைத்தார்கள், கல்யாண வண்டிக்கு வழி வேண்டுமென்று. டாக்டருக்கு முதுகுவலி வந்து குனிந்து ஏறி இறங்க முடியாமல் போனபோது நானும் அக்காவும் சேர்ந்து வாங்கினோம். பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாங்கலாம் என்றது அக்கா. நான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் நான் வேண்டாம் என்று சொன்னது எதுவும் நின்றதில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகிப் பிரான்ஸ் போனாள். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர், அதனால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேசனாலித்தே, அந்த நாட்டுக் குடியுரிமை. பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் குடித்தனம். மாமா பதினான்கு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். ஒரே மகன் படித்து முடித்து அந்த நாட்டின் தெற்கே வேலைக்குப் போய்விட்டான். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே அப்பா அம்மா போன பிறகு நான் ஒருத்தி. அங்கே அவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது இரண்டு பேர் தட்டிலும் அதே மீன்குழம்புதான் இருக்கும். இரண்டு பேருமே மூன்று வேளைக்குச் சேர்த்து வைத்திருப்போம்.

ஜூலை வந்தால் புதுச்சேரியில் பாதி வீடுகளுக்கு வக்கான்ஸ் வந்துவிடும். பிரான்சுக்காரர்கள் லீவில் வந்து இறங்குவார்கள். அக்காவும் வருவாள். அந்த ஐந்து வாரத்துக்காகத்தான் கார் வாங்கினோம். அங்கே அவள் ஓட்டுவது ஒரு பழைய சின்ன வண்டி. ஆனால் வளைவு வந்தால் அவளுக்கு உயிர் வரும். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டி எங்கே வழுக்கப் போகிறது என்று காத்திருப்பாள். சென்னைப் பக்கத்துப் பந்தய டிராக்கில் சில நாட்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டலாம் என்று தெரிந்த அன்றைக்கு, அவள் சாப்பிடக்கூட மறந்துவிட்டாள். முதல் தடவை போனபோது ஹெல்மெட்டோடு நின்ற இளைஞன் ஒருவன், "ஆன்ட்டி, பார்வையாளர்ங்க அந்தப் பக்கம்" என்றான். அக்கா அவனுக்கு நன்றியாக ஒரு மெர்சி சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மத்தியானத்துக்குள் அவனை மூன்று முறை முந்தியிருந்தாள்.

அவள் ஓட்டுவாள், நான் எழுதுவேன். எங்களுக்குள் அப்படியொரு ஏற்பாடு. நான் வேதியியல் டீச்சர். எதையும் அளக்காமல் நம்பமாட்டேன். ஒரு கோடுபோட்ட நோட்டு, ஸ்டாப்வாட்ச், காற்று அளக்கும் மீட்டர். எங்கள் அளவுச் சக்கரத்துக்கு இந்த ஊரில் மலிவாகக் கிடைப்பது இரண்டே வகை டயர்தான். ஒன்று டாக்சிக்காரர்கள் போடுவது. தேயவே தேயாது, நகத்தை வைத்து அழுத்தினால் நகம்தான் வலிக்கும். அதற்குக் கெட்டி என்று பெயர் வைத்தோம். இன்னொன்று இறக்குமதிச் சரக்கு. கேள்விப்படாத பெயர், அமுக்கினால் நகம் பதியும், கெட்டியில் பாதி ஆயுசுகூட வராது. அதன் பெயர் மெத்து.

மூன்று வக்கான்ஸ் முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ரோட்டில் பார்ப்பதற்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி வடக்கே போவோம். பிள்ளைச்சாவடி தாண்டி, வலைகள் காய்கிற இடத்தையும் தாண்டி, கூட்டம் குறைந்த ஒரு நேர்த்துண்டில் ஒரு கிலோமீட்டர்க் கல்லுக்கு நேராகப் பிரேக் அடிப்பாள். நான் இறங்கி அடிவைத்து அளப்பேன். மீன் ஏற்றிக்கொண்டு வரும் பெண்கள் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா தேடுற, எதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். காய்ந்த ரோட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழை பெய்தால் கெட்டிக்குக் கை கால் ஓடாது. கல்லைத் தாண்டி இரண்டு வண்டி நீளம் போய்த்தான் நிற்கும். மெத்து மழையில் நல்ல பிள்ளை. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். டயரின் பக்கச்சுவர் அவ்வளவு தொளதொள.

டிராக்கில் கதை வேறு. மலிவு டயரென்றால் மூன்று சுற்றில் சூடேறிக் குழைந்துவிடும், அதை டிராக்குக்குக் கொண்டுவராதே என்றுதான் அங்கே எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது அவர்களுடைய கனமான வண்டிகளுக்குச் சரி. எங்கள் வண்டிக்கு டயரை அவ்வளவு நசுக்குகிற எடையே இல்லை. மெத்து நாலாவது சுற்றில்தான் விழிக்கும், பத்தாவது சுற்று வரைக்கும் அப்படியே இருக்கும். காற்றை நாலு பவுண்டு கூட்டினால் அந்த யோசிக்கிற பழக்கமும் பாதி போய்விடும் என்று கண்டுபிடித்தோம். கெட்டி கடைசி வரைக்கும் சூடாகவே ஆகாது, ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே வழுக்கும். ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி அதிகம். இருந்தும் அக்காவுக்குக் கெட்டி மேல் ஒரு பிரியம் இருந்தது. "இது போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போவுதுடி. திடீர்னு கை விடாது" என்பாள். நான் நோட்டில் எழுதிய முடிவு இது: லேசான வண்டிக்கு விலை உயர்ந்த டயர் தேவையில்லை, புது டயரும் சரியான காற்றும் போதும். 'புது' என்ற வார்த்தைக்கு நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

கொரோனாவுக்கு முந்தைய வக்கான்சின் கடைசி வாரத்தில் நான்கு புது மெத்து வாங்கிப் போட்டு டிராக்குக்குப் போனோம். அன்றைக்கு அக்கா ஓட்டியது போல் அதற்கு முன்பும் பின்பும் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை நான். சுவரோரம் நின்று வாட்சை அமுக்கிவிட்டு, சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். அவளுடைய எல்லாச் சுற்றிலும் வேகமான சுற்று அது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது நரைத்த முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. சின்ன வயதில் கடலில் குளித்துவிட்டு வந்து நிற்பாளே, அந்த முகம். "இந்த டயரைப் பத்திரமா வெய்டி. அடுத்த வருஷம் இதுலயே இன்னும் ரெண்டு வினாடி குறைக்கிறேன்" என்றாள்.

பத்திரமாக வைத்தேன். எங்கள் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிரான்சில் ஆள் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுக்கென்று ஒரு அலமாரி உண்டு. பூப்போட்ட நல்ல தட்டு அவர்களுக்கு, ஓரம் உடைந்தது நமக்கு. ஏ.சி. போட்ட ரூம் வருடத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும். வீட்டிலிருப்பவர்கள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வருகிறவர்களுக்காக எடுத்து வைத்தால்தான் அவர்கள் வருவார்கள் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நானும் நாலு டயரையும் கழற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மாடியில் தகரக்கூரை போட்ட அறையில் அடுக்கினேன். வண்டிக்குக் கெட்டியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

அடுத்த வருடம் யாருமே வரவில்லை. அதற்கடுத்த வருடம் முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, லீவு இல்லை. பிறகு அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். பிறகு மகன் வீடு மாறினான். ஐந்து ஜூலை போயிற்று. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் மாடிக்குப் போய்ப் பெட்ஷீட்டைப் பிரித்து, டயர்களைத் துடைத்து, கடையில் விற்கிற பாலிஷைப் பூசிப் பளபளவென்று ஆக்கிவிட்டு வருவேன். அந்த நாளில் மனசு லேசாக இருக்கும். அவளுக்காக ஏதோ செய்துவிட்ட மாதிரி. தகரத்துக்கு அடியில் ஏப்ரல் மே வெயிலில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ரப்பர் வெப்பத்திலும் காற்றிலும் என்ன ஆகும் என்பதைப் பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். பரீட்சைக்கு வரும் என்று நட்சத்திரக் குறி போட வேறு சொல்வேன்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அக்கா வீடியோவில் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். "அடுத்த வருஷம் எனக்கு ரெத்ரேத்டி" என்றாள். பணி ஓய்வு; முட்டி ஆபரேஷனால் முன்கூட்டியே கொடுக்கிறார்களாம். அங்கே இருக்கிற வாடகை வீட்டை விட்டுவிடுவதா வைத்துக்கொள்வதா என்று சொல்ல வேண்டுமாம். மகன் தன் ஊருக்கு வந்து பக்கத்தில் இருக்கச் சொல்கிறானாம். "ஜூலைல வரேன். வந்து அங்க இருந்து பார்த்துட்டு முடிவு பண்ணணும்" என்றாள். நான் சரிக்கா என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அவள் வேண்டும். வேறு எப்படிச் சொல்வது? காலையில் எழுந்ததும் வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் வேண்டும். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் பிச்சை கேட்ட மாதிரி ஆகிவிடுமே என்றொரு வீம்பு.

அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். அவள் ரூமுக்கு வெள்ளையடித்தேன். புது மெத்தை, புதுத் திரைச்சீலை. அவள் வந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் டிராக்கில் இடம் பிடித்தேன். அந்த ஒரு நாள் சரியாக அமைந்துவிட்டால் போதும், அவள் முகம் பழையபடி ஆகிவிடும், வீட்டை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பரணிலிருந்து இறக்குவது போல அந்த நாலு டயரையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறக்கினேன்.

தெருமுனைக் கடைக்காரர் முதல் டயரை எடுத்து நிறுத்தினார். பக்கச்சுவரில் வட்டத்துக்குள் இருக்கிற நாலு எண்ணைப் பார்த்தார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அதில் இருக்கும். நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதியவில்லை.

"டீச்சர், இது போயிடுச்சு. பார்க்கத்தான் பளபளன்னு இருக்கு. ரப்பர் காஞ்சி கெட்டியாயிடுச்சு. இப்ப வண்டியில ஓடுறதே தேவலாம். அதுலயே போயிட்டு வாங்க."

"ஒரு நாள்தாங்க ஓடியிருக்கு. அப்படியே புதுசு."

"ஓடாததுதான் டீச்சர். நீங்க ஓட்டியிருந்தீங்கன்னா தேஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புது டயர் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? "உங்க வேலை மாட்டுறது. மாட்டுங்க" என்று சொல்லியும் விட்டேன். அவர் மாட்டினார். கிளம்பும்போது, "மழை வந்தா மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அக்காவிடம் ஐந்து வருடமாக, உன் டயர் அப்படியே இருக்கிறது, உனக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை என்றால் எதைக் காட்டி அவளை அழைப்பது?

டிராக்குக்குப் போகிற வழி முழுக்க நேர் ரோடு, நல்ல வெயில், ஒன்றும் தெரியவில்லை. டயர் கொஞ்சம் இரைந்தது. "சத்தம் போடுதே" என்றாள் அக்கா. "ரோடு சரியில்லைக்கா" என்றேன். ஐந்து வருடத்தில் அவளுக்கு வயது ஏறியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் வண்டிக்குள் இறங்கினாள். ஆனால் ஹெல்மெட்டைப் போட்டு வாரை இழுத்துக் கட்டியதும் உதட்டைக் கடித்தாள். இதோ வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவது சுற்றில் வேகம் கூட்டினாள். நேர்த்துண்டு முடிந்து வலப்பக்கம் திரும்புகிற இடம் நான் நின்ற சுவரிலிருந்து தெரியும். வண்டியின் பின்பக்கம் சத்தமே போடாமல் வெளியே வந்தது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து சிவப்பு எதுவும் தெரியவில்லை. நான் கத்தினேன் போலிருக்கிறது, பக்கத்திலிருந்த ஆள் என் தோளைப் பிடித்தார். ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினார். டிராக்கில் ஓடக்கூடாது, சுவரைத் தாண்டக்கூடாது. அக்கா அங்கே புழுதிக்குள் இருக்கிறாள், நான் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

புழுதி அடங்கியது. வண்டி புல்லில், வந்த திசையைப் பார்த்து நின்றிருந்தது. எதிலும் மோதவில்லை. சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஊர்ந்து வந்து சேர்ந்தாள். இறங்கவில்லை. கை ஸ்டீயரிங் மேலேயே இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாக இறங்கி, வலிக்கிற முட்டியை மடக்கி, முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். நகத்தை வைத்து அழுத்தினாள். பிறகு பின்சக்கரத்துக்குப் போய் அங்கேயும் அழுத்தினாள்.

"இது அந்த டயரா?"

"ஆமாம்."

"நடுவுல ஒருவாட்டிகூடப் போட்டு ஓட்டலையா?"

"உனக்குன்னு வெச்சிருந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், பாலிஷ் போட்டு. அவள் ஹெல்மெட்டைப் பையில் வைத்தாள். சாவியை என்னிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் அக்கா பக்கத்தில் இருக்கும்போது நான் அந்த வண்டியை ஓட்டியது அதுதான் முதல் தடவை. கடற்கரை ரோட்டைப் பிடித்து வந்தோம். மரக்காணத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் செத்த டயர்களை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் போகத் தைரியமில்லை. பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. துணிக்கூரை ஓரத்தில் ஒழுகி அக்காவின் மடியில் சொட்டியது. உப்பளங்களைத் தாண்டி ஒரு டீக்கடையின் ஓலைத் தாழ்வாரத்துக்குக் கீழே வண்டியைச் செருகி நிறுத்தினேன். இறங்கவில்லை, கண்ணாடி வழியாக டீ வாங்கிக்கொண்டோம்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நம்ம வீட்ல எனக்குன்னு ஒரு பழைய துண்டு இருக்காடி?"

"பழைய துண்டு எதுக்குக்கா? புதுசு மூணு வாங்கி வெச்சிருக்கேனே."

"அதான் கேக்கறேன். முப்பது வருஷமா வரேன். வரப்போல்லாம் புதுத் துண்டு, புது பெட்ஷீட், புது சோப்பு. கஞ்சி போறதுக்குள்ள கெளம்பிடறேன். நீ தெனம் தொடைச்சிக்கிறியே, ஓரம் பிரிஞ்சு போயி, அந்த மாதிரி ஒண்ணு அந்த வீட்ல எனக்குக் கெடையாது. முந்தாநாள் நீ உடைஞ்ச தட்டுல சாப்பிட்டுக்கிட்டு எனக்குப் பூத்தட்டுல போடுற. எனக்கு ஒருவாய் எறங்கல."

"உனக்காகத்தானேக்கா எல்லாம் பண்றேன்."

"தெரியும். நல்லா பண்ற. விருந்தாளிக்குப் பண்ற மாதிரி பண்ற. அங்க இருக்கறவங்களும் என்னை வெளியாளாத்தான் பார்க்குறாங்க. ஆனா அங்க எனக்கு ஒரு பழைய துண்டு இருக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் பாயில் படுத்தது, வெள்ளையடித்தது, ஐந்து வருடம் மாடியேறியது எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் சொட்டிய மடியைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எனக்குத் தனியா இருக்க முடியலக்கா" என்றேன். "நீ வந்துடேன்."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியம். அவள் டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு என் புறங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் முடியலதான்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். "நீங்க சொன்னது சரிங்க. நான் பேசினதுதான் தப்பு" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நாலையும் கழற்றிக் கடைக்குப் பின்னால் உருட்டிவிட்டார். கெட்டியையே திரும்ப மாட்டினார். மீதி மூன்று வாரமும் அந்தக் கெட்டியிலேயே சுற்றினோம். டிராக்குக்கு இல்லை. காலையில் குருசுக்குப்பத்தில் படகு வந்ததும் மீன் வாங்க, பூசைக்கு, மருந்துக்கடைக்கு. ஒரு நாள் அவள் ஓட்டுவாள், ஒரு நாள் நான். சந்து வளைவில் டயர் லேசாகக் கத்தினால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவள் கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அதைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

அவள் கிளம்பிய காலையில் வாடகைக் கார் வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. வீட்டைப் பற்றி என்ன முடிவு செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்பதை மட்டும் கேட்டேன்.

"அடுத்து எப்பக்கா?"

"சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா நீ வெள்ளையடிப்ப. ஒருநாள் சொல்லாம வந்து நிப்பேன். அன்னிக்கு நீ என்ன சாப்பிடறியோ அதைப் போடு."

கார் தெரு திரும்பும் வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து அவளுடைய ரூம் கதவைப் பூட்டப் போய், பூட்டாமல் விட்டேன். இப்போது நான் அங்கேதான் படுக்கிறேன்.

அடுத்த வாரம் நாலு புது மெத்து வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன், நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமை வடக்கே போய் வளைவுகளில் கொஞ்சம் வேகமாகத் திருப்பிப் பார்க்கிறேன். தேய்கிறது, தேயட்டும். ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசும்போது அவள் பின்னால் தெரியும் சுவரைப் பார்ப்பேன். படங்களைக் கழற்றியிருக்கிறாளா, பெட்டி கட்டியிருக்கிறாளா என்று. கேட்பதில்லை. அவளும் வேறு எதையோ பேசுகிறாள்.

முன்பெல்லாம் எனக்கு வருடத்தில் ஒரு ஜூலைதான் இருந்தது. மற்ற மாதங்களில் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, நிம்மதியாக இருப்பேன். இப்போது வாசலில் ஆட்டோ நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். சோறு எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாக வடித்து, மறுநாள் காலையில் நானே சாப்பிடுகிறேன். சொல்லாமல் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வரப்போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாலும், அதுவும் எனக்குத் தெரியப்போவதில்லை.